மொட்டைக் கடுதாசியும் கையெழுத்துப் போட்ட மனுவும்

1

பி.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஆறு பேர் சேர்ந்து ஒரு மனு எழுதினோம். கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை. அந்த ஆபீஸ் ஜன்னல் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறது. ஜன்னலுக்கு உள்ளே அந்த கிளார்க்கும் இருக்கிறார்.

ஸ்காலர்ஷிப் ஃபாரம் வந்துவிட்டால் பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே பியூன் வகுப்புக்கு வருவார். "எஸ்சி புள்ளைங்கல்லாம் எந்திரிச்சு வாங்க" என்பார். எழுபது பேர் பார்க்க நாங்கள் எழுந்து போக வேண்டும். ஆபீஸ் வாசலில் தனி வரிசை. பெயரும் சாதியும் சத்தமாகப் படிக்கப்படும். "கவர்மென்ட்டு காசு கொடுக்குது, வாங்கிக்க வர்றதுக்கு என்ன கசக்குதா?" என்று ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வரும். பக்கத்தில் ஃபீஸ் கட்ட நிற்கிற பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்காதவர்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள். அதுதான் கூடுதலாக வலிக்கும்.

முதல்வருக்கு மனு எழுதினோம். ஒரே பக்கம். ஆறு பேரும் கீழே பெயர், வகுப்பு, பதிவு எண் எல்லாம் போட்டுக் கையெழுத்திட்டோம். மூன்றாம் நாள் கூப்பிட்டார்கள். மனுவைப் பற்றிப் பேசத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் போனோம். போன பிறகுதான் அது 'விசாரணை' என்று தெரிந்தது. ஆபீஸ் ஊழியரை அவமானப்படுத்தினோமாம். மாணவர்களைச் சாதியின் பெயரால் திரட்டினோமாம். பெற்றோரை அழைத்து வரச் சொன்னார்கள்.

எங்க அம்மா அப்போது தி. நகர் ரங்கநாதன் தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் பெருக்கித் துடைக்கிற வேலை. அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தார். அறையில் நாலு நாற்காலி இருந்தது. அம்மா நின்றுகொண்டிருந்தார்.

"ஏம்மா, ஒம் பொண்ணு என்ன பண்ணியிருக்கா தெரியுமா?"

"இன்னா பண்ணா சார்?"

"மனு எழுதியிருக்கா."

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டுக் கேட்டார்: "அதுல இன்னா தப்பா எய்திக்கீது சார்? படிச்சுக் காட்டுங்களேன்."

யாரும் படித்துக் காட்டவில்லை. மனு மேஜை மேல்தான் கிடந்தது. அதன் மேல் பேப்பர் வெயிட் இருந்தது. கடைசியில் ஒரு பேராசிரியர் சொல்லச் சொல்ல ஆறு பேரும் மன்னிப்புக் கடிதம் எழுதினோம். இனிமேல் கல்லூரி விதிகளுக்குக் கட்டுப்பட்டு நடப்பேன் என்று எழுதினோம். அம்மா கைநாட்டு வைத்தார். மன்னிப்புக் கடிதத்துக்கு ஃபைல் எண் போட்டார்கள். மனுவுக்குப் போடவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது அம்மா கேட்ட கேள்வி இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. "ஏன்டி, அந்தாளு கடசி வரிக்கும் அத்தப் படிக்கவே இல்லியே?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. கல்விக்கூடத்தில் யாருடைய காகிதம் படிக்கப்படுகிறது? யாருடைய காகிதம் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் கிடக்கிறது?

2

தமிழ் எம்.ஏ. படித்தவள் என்பதால் 'வழக்கு' என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறேன். வழக்கு என்றால் நடைமுறை. வழக்கு என்றால் தகராறு, நியாயம் கேட்பது என்றும் பொருள். தொல்காப்பியம் வழக்கு என்பதற்கு உயர்ந்தோரையே அளவுகோலாக வைக்கிறது. வகுப்பில் இதை இலக்கணமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆபீஸ் அறையில்தான் எனக்கு அர்த்தம் விளங்கியது. நடைமுறை எது என்று தீர்மானிப்பவர்கள் உயர்ந்தோர் என்றால், அந்த நடைமுறையை எதிர்த்து நாம் போடும் வழக்கு 'ஒழுங்கீனம்' ஆகத்தானே தெரியும்?

கல்லூரியில் இரண்டு பாதை உண்டு. ஒன்று ஒழுங்கு நடவடிக்கை. இன்னொன்று குறைதீர்ப்பு. ஒழுங்கு நடவடிக்கைக்குக் காரணம் கேட்கும் நோட்டீஸ், விளக்கம், விசாரணைக் குழு, தண்டனை, மேல்முறையீடு என்று படிப்படியான முறை இருக்கிறது. தண்டிக்கும் முன் குற்றம் சாட்டப்பட்டவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பது இயற்கை நீதி. காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. சங்கதி என்னவென்றால், குறைதீர்ப்புப் பாதையில் நாம் கொண்டுபோய்ப் போடும் காகிதம் ஒழுங்கு நடவடிக்கைப் பாதையில் வெளியே வருகிறது. மனு கொடுத்தவர் குற்றவாளியாகத் திரும்பி வருகிறார். இது எங்கள் ஆறு பேருக்கு மட்டும் நடந்ததல்ல. இதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

3

முதலில் வேகமாகப் படிக்கப்பட்ட ஒரு காகிதத்தைப் பார்ப்போம்.

1950 ஜூன் 7 அன்று செண்பகம் துரைராசன் என்ற பெண் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனு போட்டார். மருத்துவக் கல்லூரியில் சேரத் தன்னைத் தடுப்பது வகுப்புவாரி அரசாணை என்பது அவர் வாதம். அந்த அரசாணைப்படி 14 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர், இந்தியக் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. சீனிவாசன் என்பவர் கிண்டி பொறியியல் கல்லூரி இடத்துக்காக இன்னொரு மனு போட்டார். அரசாணைக்கு எதிராக வாதாடியவர் மயிலாப்பூர் லஸ் பகுதியில் வாழ்ந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். அம்பேத்கர் தலைமையிலான அரசியல் சட்ட வரைவுக்குழுவில் உட்கார்ந்திருந்தவர்.

செண்பகம் துரைராசன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. விசாரித்துப் பார்த்தேன், பிராமணப் பெண் என்பதால் இடம் கிடைக்காது என்று தெரிந்தது, அதனால் போடவில்லை என்பது அவர் தரப்பு. நீதிமன்றம் அதைக் குறையாகக் கொள்ளவில்லை. ஜூலை 27இல் உயர் நீதிமன்றம் அரசாணையை ரத்து செய்தது. 1951 ஏப்ரல் 9இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மனு போட்டதிலிருந்து நாட்டின் கடைசி நீதிமன்றம் வரை பத்தே மாதம். பெரியாரும் இயக்கத்தினரும் தெருவில் இறங்கிப் போராடியதன் விளைவாகவே 1951 ஜூன் 18இல் முதல் சட்டத் திருத்தம் வந்தது. 15(4) என்ற பிரிவு பிறந்தது.

மனு போட்டவர் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. தனக்கு அநீதி என்று நினைத்தார், போனார். நான் சொல்வது காகிதத்தின் வேகத்தைப் பற்றி. விண்ணப்பம் போடாதவரின் மனுவைக்கூடப் படிக்க இந்த நாட்டுக்கு நேரம் இருந்திருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் பாருங்கள்.

4

பாரிமுனையில் உயர் நீதிமன்றத்தை ஒட்டி இருந்த சட்டக் கல்லூரிக்கு 1990இல், அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி, டாக்டர் அம்பேத்கர் பெயர் வைக்கப்பட்டது. 2008 அக்டோபரில் தேவர் ஜெயந்திக்காக ஒரு பிரிவு மாணவர்கள் அடித்த சுவரொட்டியிலும் நோட்டீசிலும் கல்லூரிப் பெயர் இருந்தது. அம்பேத்கர் இல்லை. 'சென்னை சட்டக் கல்லூரி' என்று மட்டும் இருந்தது.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது அற்பம். பேரை விட்டதுக்கா இவ்வளவு ரகளை என்று அன்று டீக்கடையில் கேட்டவர்கள் உண்டு. பெயரை விடுவது இங்கே சாதாரணமான செயல் இல்லை. ஊரில் நம் தாத்தாவை 'டேய்' என்று கூப்பிட்டவர்கள் பெயரை மறந்தா கூப்பிட்டார்கள்?

தலித் மாணவர்கள் ஆட்சேபித்தார்கள். நாட்கணக்கில் பகை முற்றியது. நிர்வாகம் உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்கக்கூடிய தகராறு, நவம்பர் 12ஆம் தேதி தேர்வு நாளில் கத்தியும் கட்டையுமாக வெடித்தது. போலீஸ் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. முதல்வர் கூப்பிடாமல் உள்ளே போக முடியாது என்றார்கள். விழுந்து கிடந்த ஒரு மாணவரைச் சுற்றி நின்று அடிக்கிற காட்சியைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின.

அந்த அடியை நான் நியாயப்படுத்தவில்லை. விழுந்தவனை அடிப்பது நம் அரசியல் ஆகாது. இதை எழுதக் கூசினால் நமக்கும் கிளார்க்குக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் அந்தக் காட்சிக்கு முன்னால் என்ன நடந்தது, அதற்கும் முன்னால் சுவரொட்டியில் என்ன நடந்தது என்று கேட்கிற பொறுமை யாருக்கும் இருக்கவில்லை. கேமரா வந்த பிறகுதான் சரித்திரம் தொடங்கியது என்பதுபோல் பேசினார்கள். ஒரே ராத்திரியில் 'அம்பேத்கர் சட்டக் கல்லூரி மாணவன்' என்றால் ரவுடி என்று ஆகிப்போனது.

முதல்வர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி பி. சண்முகம் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. கல்லூரியை அந்த இடத்தைவிட்டு மாற்ற வேண்டும் என்ற யோசனை அங்கேதான் வலுப்பெற்றது. மாணவர்கள் எதிர்த்துப் போராடியும், 2018இல் கல்லூரி இரண்டாக்கப்பட்டுப் புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் போனது. காலையில் வகுப்பு, மாலையில் உயர் நீதிமன்ற வராந்தாவில் சீனியர் வக்கீல்களிடம் பழக்கம் என்று முதல் தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்த இடம் அது. ஒரு பெயரைப் பற்றிய தகராறுக்குக் கிடைத்த தீர்வு, ஊருக்கு வெளியே. சேரிக்கும் இதே தீர்வைத்தானே சொல்லி வந்திருக்கிறார்கள்?

5

இனி அடையாறுக்கு வருவோம். மத்திய கைலாஷ் சிக்னலிலிருந்து கிண்டி நோக்கி சர்தார் படேல் சாலையில் போனால் இடது கைப் பக்கம் ஐ.ஐ.டி. வாசல். 1959இல் மேற்கு ஜெர்மனி உதவியோடு, கிண்டிக் காட்டில் சுமார் 250 ஹெக்டேரை எடுத்துக் கட்டியது. ஐ.ஐ.டி.களில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு இட ஒதுக்கீடு வந்தது 1973இல். பதினாலு வருஷம் அந்த வாசலுக்கு நாம் ஒதுக்கீடு இல்லாமல் வெளியே நின்றோம். எங்கள் பகுதி ஆட்கள் அங்கே தோட்ட வேலைக்கும் மெஸ் வேலைக்கும்தான் போவார்கள்.

2014 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்த நாளில், அங்கே சில மாணவர்கள் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் தொடங்கினார்கள். சில மாதத்திலேயே பெயரை மாற்றச் சொல்லி நிர்வாகத்திடமிருந்து பேச்சு வந்தது என்று வட்டத்தினர் அறிக்கையில் சொன்னார்கள். இந்தப் பெயர் மாணவர்களைப் பிளவுபடுத்துமாம். அதே வளாகத்தில் விவேகானந்தர் பெயரில் ஒரு படிப்பு வட்டம் வெகுகாலமாக இருந்தது. அந்தப் பெயர் யாரையும் பிளவுபடுத்தவில்லை போலும்! மறுபடியும் பெயர்தான் பிரச்சினை. பாரிமுனையில் பெயரை எடுத்தார்கள். அடையாறில் எடுக்கச் சொன்னார்கள். வட்டத்தினர் மாற்றவில்லை.

2015 ஏப்ரலில் அம்பேத்கரின் இன்றைய பொருத்தப்பாடு பற்றி ஒரு கூட்டம் நடத்தினார்கள். துண்டறிக்கை போட்டார்கள். மத்திய அரசை விமர்சித்தார்கள். யாரோ பெயர் போடாமல் டெல்லிக்கு ஒரு மொட்டைக் கடுதாசி எழுதினார்கள். தபால் ஆபீசில் வேலை பார்த்த ஒரு பெரியவர் எனக்குச் சொல்வார்: "மொட்டைக் கடுதாசின்னா நேரா குப்பைக்குத்தாம்மா." இது குப்பைக்குப் போகவில்லை. மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் மே 15ஆம் தேதி அந்தக் கடுதாசியையும் துண்டறிக்கையையும் இணைத்து ஐ.ஐ.டி.யிடம் கருத்துக் கேட்டு எழுதியது. மே 22ஆம் தேதி மாணவர் நல டீனிடமிருந்து வட்டத்துக்கு மின்னஞ்சல் வந்தது: அங்கீகாரம் ரத்து. அமைச்சகத்தின் கடிதத்துக்கும் அதற்கும் இடையே ஏழு நாள்.

நிர்வாகத்தின் தரப்பையும் சொல்ல வேண்டும். விமர்சித்ததற்காக அல்ல, விதியை மீறியதற்காகத்தான் நடவடிக்கை என்றார்கள். அனுமதி இல்லாமல் நிறுவனத்தின் பெயரைத் துண்டறிக்கையில் பயன்படுத்தினார்கள், சுயேச்சை அமைப்புக்குக் கொடுத்த சலுகையைத் தவறாகக் கையாண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. சரி, விதி மீறல் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் நோட்டீஸ் எங்கே? விளக்கம் கேட்டது எங்கே? எங்களை அழைத்துக் கேட்கவே இல்லை என்று மாணவர்கள் சொன்னார்கள். பெயரில்லாதவரின் சொல்லைப் படித்தவர்கள், பெயர் போட்டு இயங்கியவர்களின் சொல்லைக் கேட்கவில்லை.

'சலுகை' என்ற சொல்லையும் கவனியுங்கள். நமக்கு வருவதெல்லாம் சலுகை. இட ஒதுக்கீடு சலுகை, ஸ்காலர்ஷிப் சலுகை, கூட்டம் நடத்துவதும் சலுகை. கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். உரிமை என்று ஒருவரும் சொல்வதில்லை.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். ஐ.ஐ.டி. வாசலில் போராட்டம். பல்கலைக்கழகங்களில் அதே பெயரில் வட்டங்கள் முளைத்தன. தேசிய பட்டியல் சாதியினர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. ஜூன் 7ஆம் தேதி பேச்சுவார்த்தைக்குப் பிறகு அங்கீகாரம் திரும்ப வந்தது. பேராசிரியர் மிலிந்த் பிரம்மே ஆலோசகராக இருக்க ஒப்புக்கொண்டார். மேஜையில் உட்கார்ந்து பேசியதும் பதினாறு நாள் சிக்கல் தீர்ந்தது. மே மாதமே கூப்பிட்டுப் பேசியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

அத்தோடு முடிந்ததா? 2018 டிசம்பரில் அதே வளாகத்தின் ஒரு மெஸ்ஸில் சைவத்துக்குத் தனி வாசல், அசைவத்துக்குத் தனி வாசல், கை கழுவத் தனித்தனி பேசின் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அதைப் படம் பிடித்து ஊருக்குச் சொன்னது இந்த வட்டம்தான். நோட்டீசைக் கிழிக்க வேண்டி வந்தது. வட்டம் இல்லாமல் போயிருந்தால் அந்தச் செய்தி மெஸ்ஸைத் தாண்டியிருக்குமா? சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டதை எதிர்த்துத் தமிழ்நாடே கொதித்தது 1924–25இல். தொண்ணூறு வருஷம் கழித்துப் பந்தி பேசினாக மாறி வந்திருக்கிறது. அந்தப் பழைய தகராறைப் பிராமணர்–பிராமணரல்லாதார் கதையாகத்தான் சரித்திரம் பதிவு செய்திருக்கிறது. அந்தப் பந்தியில் நம் பிள்ளைக்கு எங்கே இலை போட்டிருப்பார்கள் என்ற கேள்வியை நாம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

6

அடையாறில் பதினாறு நாளில் தீர்ந்தது ஹைதராபாத்தில் தீரவில்லை. அதே 2015. ஆகஸ்டில் மத்தியப் பல்கலைக்கழக விடுதியில் ஒரு தகராறு. அம்பேத்கர் மாணவர் சங்கத்தினர் அடித்தார்கள் என்று எதிர்த்தரப்பு மாணவர் தலைவரின் புகார். அடித்ததற்கு உறுதியான சான்று இல்லை என்று பல்கலைக்கழக விசாரணையே முதலில் சொன்னது. மத்திய இணையமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா ஆகஸ்ட் 17ஆம் தேதி கல்வித் துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். அமைச்சகத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு நினைவூட்டல் மேல் நினைவூட்டல் போனது. விசாரணையின் முடிவு மாறியது. ஐந்து தலித் ஆராய்ச்சி மாணவர்கள் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். பொது இடங்களில் கூடக்கூடாது, தேர்தலில் நிற்கக்கூடாது என்றும் தடை.

இந்தத் தண்டனையைப் படித்ததும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? குடியிருப்பை விட்டு வெளியே போ, பொது இடத்துக்கு வராதே. இதற்கு நம் ஊரில் ஊர்விலக்கு என்று பெயர். அந்த மாணவர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். வளாகத்தில் கூடாரம் போட்டு அதற்கு 'வெளிவாடா' என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் சேரி. ரோஹித் வெமுலா டிசம்பரில் துணைவேந்தருக்குக் கசப்பும் கோபமுமாக ஒரு கடிதம் எழுதினார். தன் பெயர் போட்டு, கையெழுத்துப் போட்டு. அமைச்சரின் கடிதத்துக்கு ஓடிய கால்கள் இதற்கு நகரவில்லை. 2016 ஜனவரி 17இல் ரோஹித்தை இழந்தோம்.

அதற்குப் பிறகு நடந்த விசாரணை எதை விசாரித்தது? அமைச்சகம் அமைத்த ரூபன்வால் ஆணையம் ரோஹித் தலித்தா இல்லையா என்று ஆராய்ந்து, இல்லை என்றது. 2024இல் தெலங்கானா போலீசும் அதையே எழுதி வழக்கை மூடப் பார்த்து, எதிர்ப்பு வந்த பிறகு மறுபடி விசாரிக்கிறோம் என்றது. மகனின் கடிதத்தைப் படிக்காதவர்கள் தாயின் சாதிச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் படித்தார்கள். ராதிகா வெமுலாவைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அறையில் நாலு நாற்காலிக்கு எதிரே நின்ற என் அம்மாதான் தெரிவார்.

7

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் பொன். நாவரசு கொல்லப்பட்டார். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் மகன். தமிழ்நாடே அழுதது. 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் ஒரு நல்ல அம்சம் உண்டு: புகார் வந்தும் விசாரிக்காமல் விட்ட கல்லூரித் தலைவர் குற்றத்துக்கு உடந்தை என்று கொள்ளப்படுவார். மனம் வைத்தால் காகிதத்தைப் படிக்க வைக்க அரசுக்குத் தெரியும் என்பதற்கு இதுவே சாட்சி.

சாதிக்கு வந்தது 2012ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள். சம வாய்ப்பு மையம், பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலர் எல்லாம் அதில் உண்டு. உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? நான் படித்த காலத்தில் எனக்குத் தெரியாது. ராதிகா வெமுலாவும், மும்பையில் மருத்துவ மேற்படிப்பின்போது சாதிக் கொடுமையால் மகளை இழந்த பழங்குடித் தாய் ஆபிதா தாட்வியும், அந்த விதிகளை ஒழுங்காக அமல்படுத்துங்கள் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் போனார்கள். இரண்டு தாய்மாரின் மனு வருஷக்கணக்கில் நடந்தது. 2026 ஜனவரி 13இல் புதிய விதிகள் வெளியாயின. பாதுகாப்பின் வரையறையில் பொதுப்பிரிவினர் இல்லை என்று எதிர்த்து மனுக்கள் போயின. ஜனவரி 29இல் உச்ச நீதிமன்றம் புதிய விதிகளை நிறுத்தி வைத்தது. 2012 விதிகளே தொடரட்டும் என்றது.

ஒரு தரப்புக்கு ஆறு வருஷத்துக்கு மேல். இன்னொரு தரப்புக்குப் பதினாறு நாள். 1950இன் வேகத்தை நான் ஏன் சொன்னேன் என்று இப்போது புரியும்.

தமிழ்நாட்டில் நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளி முதல் உயர்கல்வி வரை சாதிப் பாகுபாட்டுக்கு எதிராகத் தனிச் சட்டம் வேண்டும் என்றது. ராகிங் சட்டத்தின் அந்த ஒரு வரி, 'விசாரிக்காதவர் உடந்தை' என்பது, சாதிக்கும் வேண்டும். மாணவர் அமைப்புகள் இதைத் தனிக் கோரிக்கையாக எடுக்க வேண்டும்.

8

நமக்கு மனு எழுதுவது புதிதில்லை. 1893இல் ரெட்டமலை சீனிவாசன் சென்னையில் கூட்டம் கூட்டி, சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்தினால் சாதி இந்துக்களே அதிகாரிகளாகி நம்மை நசுக்குவார்கள் என்று எழுதி, 3,412 பேரிடம் கையெழுத்து வாங்கி லண்டன் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். அந்தக் காலத்தில் நம்மில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? தெரு தெருவாக நடந்து வாங்கியிருக்க வேண்டும். அது இன்று நமக்குத் தெரிகிறது என்றால், அதைச் செய்தவர்கள் எழுதியும் வைத்ததால்தான். லண்டன்காரன் பாதுகாத்துக் கொடுப்பான் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

அதனால் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் சில வார்த்தை. மனு எழுதுங்கள். இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றில் தேதியோடு ஆபீஸ் முத்திரை வாங்குங்கள். முத்திரை குத்த மாட்டேன் என்றால் ஸ்பீட் போஸ்ட்டில் பதிவு செய்து அனுப்பி ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். முப்பது நாள் கழித்துத் தகவல் உரிமைச் சட்டத்தில், என் மனு மேல் என்ன நடவடிக்கை என்று கேளுங்கள். விசாரணைக்குக் கூப்பிட்டால் எதற்கான விசாரணை என்று எழுத்தில் கேளுங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எதையும் எழுதாதீர்கள். அப்புறம் அந்தப் பிரதியை இந்த மாதிரிப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். நம் மனுக்களின் தொகுப்பு ஒன்று வர வேண்டும். நமக்குக் கல்லூரி என்றால் என்னவாக இருந்தது என்று நம் பேரப்பிள்ளைகள் அதில்தான் படிப்பார்கள்.

எங்கள் மனுவுக்குப் பிரதி இல்லை. அப்போது எங்களுக்கு இதெல்லாம் சொல்லித்தர ஆள் இல்லை. அந்த ஆறு பேரில் ஒருத்தி அந்த வருஷமே படிப்பை விட்டாள். மற்றவர்களோடு பேசி, ஞாபகத்திலிருந்து எடுத்து எழுதுகிறேன். மூன்றே கோரிக்கை.

ஒன்று, ஸ்காலர்ஷிப் ஃபாரம் வாங்க வகுப்பில் வைத்துச் சாதி சொல்லிக் கூப்பிட வேண்டாம், தகவல் பலகையில் போட்டால் போதும்.

இரண்டு, தனி வரிசை வேண்டாம்.

மூன்று, எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும்.

அம்மா, அன்றைக்கு யாரும் படித்துக் காட்டாதது இதுதான்.